ஃப்ளூ பரவும்போது தொலைதூரப் பூர்வகுடி ஊர்களைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், வடக்கே ஐலண்ட் லேக் பகுதியில் 2009-இல் ஃப்ளூ பரவியபோது நடந்தவற்றை மையமாக வைத்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். 1918-இல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூவில் அலாஸ்கா, லாப்ரடோர், சமோவா மக்கள் பட்ட பாடும் இடையிடையே வரும். நோய் ஒன்றுதான் என்றாலும் ஓர் ஊர் அழிந்தது, பக்கத்து ஊர் தப்பியது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே செய்ய வேண்டியது என்னவென்று பாதி விளங்கிவிடும்.

ஐலண்ட் லேக் எப்படிப்பட்ட இடம்?

வின்னிபெக் நகரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏரிப் பகுதி. செயின்ட் தெரேசா பாயின்ட், கார்டன் ஹில், வாசகமாக், ரெட் சக்கர் லேக் என்று நான்கு ஊர்கள். அங்கே வாழ்பவர்கள் ஓஜி-கிரீ மக்கள். வருடம் முழுக்க ஓடக்கூடிய சாலை கிடையாது, சிறு விமானம்தான் வழி. குளிர் உச்சத்தில் ஏரிகள் கெட்டியாக உறைந்ததும் அவற்றின் மேலேயே சில வாரங்களுக்குப் பனிச்சாலை போடுவார்கள். எரிபொருள், மரம், சிமெண்ட் போன்ற கனமான சாமான்கள் அந்தச் சில வாரங்களில்தான் லாரியில் வந்து சேரும். பனி உறையத் தொடங்கும் நாட்களிலும் உருகும் நாட்களிலும் ஏரியில் படகும் போகாது, வண்டியும் போகாது.

2009-இல் அந்தப் பகுதியில் மருத்துவமனை இல்லை. ஊருக்கு ஒரு நர்சிங் ஸ்டேஷன் மட்டும்தான். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் வேனுக்குப் பதில் விமானம் வேண்டும், அந்த விமானம் பறக்க வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். மூச்சுத் திணறலோடு ஒருவர் வந்தால் ஆக்சிஜன் கொடுப்பார்கள், வின்னிபெக்கை போனில் அழைப்பார்கள், காத்திருப்பார்கள்.

2009-இல் அங்கே என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதிய எச்1என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. நம் பத்திரிகைகள் பன்றிக் காய்ச்சல் என்று எழுதியது இதைத்தான். ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய பெருந்தொற்றாக அறிவித்தது. அதற்கு முன்பே ஐலண்ட் லேக் ஊர்களில் காய்ச்சல் பரவிவிட்டது. செயின்ட் தெரேசா பாயின்ட்டிலிருந்தும் கார்டன் ஹில்லிலிருந்தும் நோயாளிகளை அடுத்தடுத்து விமானத்தில் ஏற்றி வின்னிபெக் கொண்டுபோனார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருந்தார்கள்.

மானிடோபா மக்கள்தொகையில் பூர்வகுடிகள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த முதல் அலையில் வின்னிபெக் ஐ.சி.யூ.க்களில் கடும் ஃப்ளூவோடு கிடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்கள்தான். கனடா முழுவதையும் எடுத்துக்கொண்டால் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 4 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் முதல் அலையில் ஃப்ளூவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அவர்கள் இருந்தார்கள்.

அவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்பதுதானே காரணம்?

அடிக்கடி கேட்கிற கேள்வி. இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் இனக்குழு ஒரு வகை வைரஸை அதுவரை சந்தித்ததே இல்லை, அல்லது பல காலமாகச் சந்திக்கவில்லை என்றால், அது வரும்போது பெரியவர், சிறியவர் என்று பாராமல் எல்லோரையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். 1918-இல் வட துருவப் பகுதியிலும் பசிபிக் தீவுகளிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அமேசான் காட்டில் வெளியார் தொடர்பே இல்லாமல் வாழும் குழுக்களுக்கு இன்றைக்கும் இதுதான் முதல் ஆபத்து.

ஆனால் 2009-இல் ஐலண்ட் லேக் மக்கள் அப்படித் தனித்து வாழ்ந்தவர்கள் இல்லை. வின்னிபெக் போய் வருபவர்கள், பள்ளி, கடை, டிவி எல்லாம் உள்ளவர்கள். அந்தப் புதிய வைரஸ் உலகத்தில் பெரும்பாலோருக்கும் புதிதுதான். பிறகு ஏன் இவர்களுக்கு மட்டும் இவ்வளவு அடி? ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, பத்துப் பேர், சில வீடுகளில் அதற்கும் மேல். பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. சர்க்கரை நோயும் நாட்பட்ட நெஞ்சு நோயும் அதிகம். பிறப்பு விகிதம் அதிகம் என்பதால் எந்த நேரத்திலும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் ஊரில் அதிகம். ஐ.சி.யூ. எங்கோ இருக்கிறது. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு ‘ரத்தத்தில் ஏதோ குறை’ என்று சொல்வது வசதியான பதில், ஏனென்றால் அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் குழாய் போட வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பதிலில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

ஃப்ளூ எப்படி உயிரைப் பறிக்கிறது?

பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு வைரஸே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். வேறு சிலருக்கு ஃப்ளூ புண்ணாக்கிய நுரையீரலில் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா குடியேறும். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தெம்பாக இருந்தவர் திடீரென்று மறுபடி காய்ச்சலும் சளியுமாகப் படுத்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். ‘ஃப்ளூவுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது’ என்று படித்துவிட்டு இதையும் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. தொலைதூர ஊர்களைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது அதைத்தான், ஆனால் அதைப் பற்றிய பேச்சே குறைவு. ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் தண்ணீர் கொண்டுவர ஆள் இல்லை, அடுப்பு மூட்ட ஆள் இல்லை, குழந்தைக்குக் கஞ்சி கொடுக்க ஆள் இல்லை. வைரஸிடம் தப்பியிருக்கக்கூடியவர்களும் தாகத்திலும் குளிரிலும் போய்விடுவார்கள்.

இது உண்மையிலேயே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அலாஸ்காவில் இன்று பிரெவிக் மிஷன் என்று அழைக்கப்படும் கடலோரச் சிற்றூரில் 1918 நவம்பர் 15 முதல் 20 வரை, ஐந்தே நாட்களில், ஊரில் இருந்த 80 பெரியவர்களில் 72 பேர் இறந்தார்கள். உறைந்த நிலத்தில் ஒரே குழியில் அவர்களைப் புதைத்தார்கள்.

அதே சமயத்தில், இன்றைய கனடாவின் கிழக்கே உள்ள லாப்ரடோர் கரைக்கு மொரேவியன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஹார்மனி என்ற கப்பல் வந்தது. வருடாவருடம் சாமான் கொண்டுவரும் கப்பல், ஊரே வரவேற்கக் காத்திருக்கும் கப்பல். ஓகாக் என்ற இனுயிட் (வட துருவப் பகுதிப் பூர்வகுடி) ஊரில் அது நின்றுவிட்டுப் போன பிறகு 263 பேரில் 204 பேர் இறந்தார்கள். பிறகு அந்த ஊரையே கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கரையில் ஒரு முகாமில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டார் எல்லோரும் இறந்த பிறகு, பிணங்களுக்கும் பசித்த நாய்களுக்கும் நடுவில் சுமார் ஐந்து வாரம் உயிரோடு இருந்தாள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல், மிச்சமிருந்த கிறிஸ்துமஸ் மெழுகுவத்திகளைக் கொளுத்திப் பனியை உருக்கிக் குடித்தாள். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்க நடமாடும் மனிதர் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அதனால்தான் திட்டம் போட உட்காரும்போது ‘எத்தனை மாத்திரை இருக்கிறது’ என்ற கேள்வியோடு ‘இரண்டாவது வாரத்தில் நடமாடும் நிலையில் எத்தனை பேர் இருப்பார்கள்’ என்ற கேள்வியையும் கேட்கச் சொல்கிறேன்.

சரி, அதற்கு ஊர் என்ன செய்யலாம்?

ஊரை நாலைந்து வீடுகள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பேர், தினம் இருவேளை வாசலில் நின்று குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே போக வேண்டியதில்லை. எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்களா, குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டால் போதும். பதில் வராத வீட்டுக்கு உடனே நர்ஸ் போக வேண்டும். அந்த இருவரும் படுத்துவிட்டால் அடுத்து யார் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாரத்துக்கான விறகு, சமைக்காமலோ லேசாகச் சுடவைத்தோ சாப்பிடக்கூடிய உணவு, சுத்தமான தண்ணீர், பாராசிட்டமால் இருக்கட்டும். நோய் வந்து தேறியவர்கள்தான் அடுத்த வாரத்தின் பெரிய பலம். காய்ச்சல் போய் உடம்பு தேறியதும் அவர்களை வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகச் சொல்லலாம். அதே வைரஸ் சில வாரங்களுக்குள் அவர்களை மறுபடி பிடிப்பது அரிது. அப்புறம் தனியாக வாழும் பாட்டிகள், தாத்தாக்கள். அவர்களுடைய பட்டியல் தனியாக, மேலாக இருக்கட்டும். ஊர் மொழியில் பேசத் தெரிந்தவர்தான் அவர்களிடம் போக வேண்டும்.

ஊரை மூடிவிட்டால் போதுமே?

மூடுவது வேலை செய்யும். அதற்கு 1918 சமோவாவைப் போன்ற சான்று வேறு இல்லை. பசிபிக் கடலில் உள்ள மேற்குச் சமோவா அப்போது நியூசிலாந்து ராணுவ நிர்வாகத்தில் இருந்தது. நவம்பர் 7-ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து டலூன் என்ற கப்பல் நோயாளிகளோடு ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தபோது யாரும் தடுக்கவில்லை. சுமார் 8,500 பேர் இறந்தார்கள், தீவு மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். கொஞ்ச தூரக் கடலுக்கு அப்பால், அதே மொழி, அதே உறவுகள் உள்ள அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைக் கண்டிப்பாகத் தனிமைப்படுத்தினார். அங்கே ஒருவர்கூட ஃப்ளூவால் சாகவில்லை. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் இதற்காகவும் மன்னிப்புக் கேட்டார்.

அலாஸ்காவில் நோம் நகரத்திலிருந்து தபால் கொண்டுபோன நாய்வண்டிகளோடு நோய் ஊர்ஊராகப் போனது. ஷிஷ்மரெஃப் மக்கள் ஊருக்கு வெளியே காவல் வைத்து யாரையும் உள்ளே விடவில்லை. அந்த ஊர் தப்பியது.

ஆனால் 1918-இல் ஒரு தீவால் மாதக்கணக்கில் மூடிக்கொண்டு வாழ முடிந்தது போல இன்று ஐலண்ட் லேக்கால் முடியாது. டயாலிசிஸுக்கு, பிரசவத்துக்கு, பல் வலிக்குக்கூட ஜனங்கள் வின்னிபெக் போய்த் திரும்புகிறார்கள். நர்ஸ்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். கடைக்குப் பாலும் காய்கறியும் விமானத்தில்தான் வருகின்றன. முழுக்க மூடினால் நோய்க்கு முன்னால் பசி வந்துவிடும். அதனால் அவசியமில்லாத போக்குவரத்தை நிறுத்துவதும், வருகிறவர்களை வாசலிலேயே கவனிப்பதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஃப்ளூ தொற்றினால் பெரும்பாலும் நான்கு நாட்களுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். எனவே ஊர் திரும்புகிறவர் நகரத்திலேயே நாலைந்து நாள் யாரோடும் கலக்காமல் இருந்துவிட்டு விமானம் ஏறினால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த நாட்களுக்கான அறை வாடகையையும் சாப்பாட்டையும் அரசு கொடுக்க வேண்டும். காசில்லாதவரைப் பார்த்து ‘நகரத்தில் தங்கிவிட்டு வா’ என்று வெறும் வாயால் சொன்னால் அவர் யாராவது உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்துவிட்டு, அங்கிருந்தே நோயை வாங்கிக்கொண்டு வருவார்.

மூடுவதால் நோய் வராமலே போய்விடும் என்று நம்ப வேண்டாம். தடுப்பூசி வந்து சேரவும் ஸ்டாக் வைக்கவும் சில வாரங்களைச் சம்பாதித்துத் தரும். அந்த வாரங்களை வீணடித்தால் மூடியதற்குப் பலன் இல்லை.

பத்துப் பேர் உள்ள வீட்டில் நோயாளிக்குத் தனி அறைக்கு எங்கே போவது?

‘நோயாளி தனி அறையில் இருக்க வேண்டும், தனிக் கழிவறை பயன்படுத்த வேண்டும்’ என்று அச்சடித்த துண்டறிக்கை இந்த ஊர்களில் உதவாது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், நடுவில் விறகு அடுப்பு. குளிர்காலத்தில் எல்லோரும் அடுப்பைச் சுற்றித்தான் படுப்பார்கள்.

அந்த வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு. நோயாளியைச் சுவரோரம் படுக்கவைத்து, கூரையிலிருந்து ஒரு போர்வையைத் திரையாகத் தொங்கவிடலாம். பக்கத்தில் படுப்பவர் தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுக்கலாம், மூச்சு முகத்தில் படாது. பார்த்துக்கொள்ள ஒரே ஆள், அவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. நோயாளிக்கும் அவருக்கும் மாஸ்க். குவளையும் கரண்டியும் தனி. வெளியே கடுங்குளிர் என்றாலும் ஒரு நாளைக்குச் சில தடவை, சில நிமிடம் கதவைத் திறந்து காற்றை மாற்றலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, தாய்க்கே காய்ச்சல் என்றாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் வேண்டாம், ஃப்ளூவோடு சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

ஊரில் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். நோயாளிகளை அங்கே கொண்டுபோவதைவிட, இன்னும் நோய் வராத கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் அங்கே தங்கவைப்பது பல இடங்களில் சுலபம். குடும்பங்கள் சம்மதித்தால் மட்டும்.

தண்ணீர்க் குழாய் இல்லாத வீட்டில் கை கழுவச் சொல்வது எப்படி?

2009-இல் இதுதான் பெரிய வேதனை. பல வீடுகளில் மூலையில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். லாரியில் வரும் தண்ணீரையோ பொதுக் குழாயில் பிடித்த தண்ணீரையோ அதில் ஊற்றி வைத்து, எல்லோரும் ஒரே குவளையை விட்டு மொண்டு குடிப்பார்கள். கை கழுவ ஒரு பேசின், அதில் இருக்கும் ஒரே தண்ணீரில் ஐந்தாறு பேர் கை நனைப்பார்கள். கழிவறைக்கு வாளி.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஆல்கஹால் சானிடைசர் வரப்பிரசாதம். ஆனால் கனடாவின் மத்திய சுகாதாரத் துறை அதை அனுப்புவதற்கு முன் சில நாள் தயங்கியது. யாராவது அதைக் குடித்துவிடுவார்களோ என்ற பேச்சு ஓடியதாக அதிகாரிகளே நாடாளுமன்ற மேலவைக் குழுவிடம் ஒப்புக்கொண்டார்கள். பரவும் நோயில் ஒவ்வொரு நாளும் கணக்கு. அந்த நாட்களை ஒரு இனத்தைப் பற்றிய தப்பெண்ணம் தின்றது. எங்காவது அப்படி உண்மையான கவலை இருந்தால் ஊர்த் தலைவர்களிடம் கேட்டிருக்கலாம். ஆல்கஹால் இல்லாத வகை வேண்டுமா, பாட்டிலை யார் பொறுப்பில் வைப்பது என்று அவர்களே ஒரு போனில் சொல்லியிருப்பார்கள்.

குழாய் வரும்வரை: அடியில் திருகுக் குழாய் வைத்த மூடிய கேன் ஒன்று கொடுத்தால் கை கழுவும் தண்ணீர் ஓடும் தண்ணீராகிவிடும். அதுவும் இல்லையென்றால் பழைய கேனில் ஆணியால் துளை போட்டு, கயிறு கட்டி, காலால் மிதித்தால் சாயும்படி தொங்கவிடலாம். கீழே ஒரு வாளி, பக்கத்தில் சோப்பு. குடிதண்ணீர்ப் பீப்பாய்க்கு நீளக் கைப்பிடி உள்ள ஒரே அகப்பை, அதைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது.

எந்த மருந்து முன்கூட்டியே ஊரில் இருக்க வேண்டும்?

ஒசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். தொண்டையிலிருந்து எடுத்த மாதிரி விமானம் ஏறி நகரத்து லேபுக்குப் போய் ரிசல்ட் வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். எனவே ஊரில் ஃப்ளூ இருக்கிறது என்று உறுதியானபின் கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் அறிகுறியை வைத்தே தொடங்க வேண்டும். நகரத்துக் கிடங்கில் லட்சம் மாத்திரை இருந்து என்ன பயன்? பனிமூட்டத்தில் விமானம் இறங்காத மூன்று நாளுக்கு நர்சிங் ஸ்டேஷன் அலமாரியில் இருப்பதுதான் கணக்கு. ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, குழந்தைகளுக்கான அளவில் மாஸ்க் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

தடுப்பூசி?

வருடாந்திர ஃப்ளூ ஊசியைப் போட்டால் உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். எனவே ஏரி உறையும் முன், விமானங்கள் ஒழுங்காக ஓடும்போதே ஊருக்கு வந்துவிட வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து அது. வடக்கில் சூட்டைவிட உறைந்துபோவதுதான் அதற்கு ஆபத்து. விமானத் தளத்தில் பெட்டியைப் பனியில் அரை மணி நேரம் இறக்கி வைத்தால் அத்தனையும் வீண்.

2009 அக்டோபர் கடைசியில் கனடாவில் எச்1என்1 தடுப்பூசி வந்தபோது தொலைதூர ஊர் மக்களை முதல் வரிசையில் சேர்த்தார்கள். ஜூனில் பட்ட அடி அதற்குக் காரணம். இரண்டாவது அலையில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பூர்வகுடிகளின் பங்கு வெகுவாகக் குறைந்தது. முதல் அலையிலேயே பலருக்கு நோய் வந்து போயிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தாலும் முன்னுரிமை கொடுத்தது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சிலர் தடுப்பூசி வேண்டாம் என்கிறார்களே, விழிப்புணர்வு இல்லையா?

விழிப்புணர்வு இல்லை என்று சொல்வதற்கு முன் வரலாற்றைப் பாருங்கள். அதே வட மானிடோபாவில் நார்வே ஹவுஸ் ஊரில் 1940-களில் பசியோடு இருந்த பூர்வகுடி மக்களிடம், அவர்களுக்கு விவரம் சொல்லாமலே, அரசு ஆதரவோடு ஊட்டச்சத்துப் பரிசோதனை நடந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளிலும் அப்படிச் செய்தார்கள். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். ‘டாக்டர் சொல்கிறார், கையை நீட்டு’ என்ற வார்த்தை அவர்கள் காதில் வேறு மாதிரிதான் விழும்.

ஊர்ப் பெரியவர்கள் முதலில் போட்டுக்கொள்வது, அவர்கள் மொழியிலேயே உள்ளூர் ரேடியோவில் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, பழகிய நர்ஸ் ஊசி போடுவது, இவையெல்லாம் போஸ்டரைவிட வேலை செய்யும். வேண்டாம் என்றவரிடம் அடுத்த வாரம் மறுபடி போய்ப் பேச வேண்டும். மிரட்டக் கூடாது.

பிணப்பைகள் அனுப்பினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2009 செப்டம்பரில், இரண்டாவது அலைக்கு முன்பாக, மத்திய சுகாதாரத் துறை அனுப்பிய பெட்டிகளைத் திறந்தால் உள்ளே மாஸ்க், சானிடைசரோடு பிணப்பைகளும் இருந்தன. வாசகமாக் ஊருக்கு மட்டும் சுமார் 30. கோடைகாலம் முழுக்க மருந்தும் ஆளும் கேட்ட ஊருக்கு இது வந்தது. ‘எங்களைச் சாகத்தான் எதிர்பார்க்கிறீர்களா’ என்று மக்கள் கொதித்தார்கள். குளிர்காலத்துக்கான வழக்கமான ஸ்டாக், அளவில் தவறு நடந்துவிட்டது என்று துறை விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டது. அப்போதைய சுகாதார அமைச்சர் லியோனா அக்லுக்காக் தாமே ஓர் இனுயிட் பெண், விசாரணைக்கு உத்தரவிட்டார்.

நர்சிங் ஸ்டேஷனில் பிணப்பை இருப்பது வழக்கம்தான், தவறில்லை. ஒரு போன் போட்டு ‘என்னென்ன அனுப்புகிறோம்’ என்று ஊர்க் கவுன்சிலிடம் சொல்லியிருந்தால் இந்தக் காயம் ஏற்பட்டிருக்காது. அனுப்பும் பட்டியலை ஊர் பார்த்துச் சரி சொன்ன பிறகே பெட்டி விமானம் ஏற வேண்டும்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே விமானத்துக்குச் சொல்ல வேண்டும்?

வேகமான அல்லது திணறும் மூச்சு, குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது அல்லது எழுப்ப முடியாமல் போவது, எதையும் குடிக்க முடியாமை, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, தேறிய பிறகு மறுபடி காய்ச்சல். கர்ப்பிணிக்கு லேசான மூச்சிரைப்பு என்றாலே போதும். நகரத்தில் ‘இன்னும் ஒரு ராத்திரி பார்ப்போம்’ எனலாம். இங்கே அந்த ராத்திரியில் பனிப்புயல் வரலாம்.

வெளியார் தொடர்பே இல்லாத மக்களை எப்படிக் காப்பது?

அவர்களிடம் போகாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. பெருவில் 1984-இல் மரம் வெட்டுகிறவர்களோடு தொடர்பு ஏற்பட்ட பிறகு நஹுவா மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சளி, நெஞ்சு நோய்களில் இறந்தார்கள். 2014-இல் பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் தனித்து வாழ்ந்த குழுவைச் சேர்ந்த ஏழு பேர் ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குத் தாமாக வந்தார்கள், அவர்களுக்கு ஃப்ளூ தொற்றியது. பூர்வகுடித் துறையான ஃபுனாயும் மருத்துவர்களும் அங்கேயே சிகிச்சை கொடுத்தார்கள். காய்ச்சலோடு காட்டுக்குத் திரும்பினால் மொத்தக் குழுவுக்கும் பரவும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அப்படிப்பட்ட எல்லைகளில் மொழி தெரிந்தவரும் மருத்துவரும் மருந்தும் எப்போதும் தயாராக இருப்பது அவசியம்.

நான் சென்னையிலிருந்து அந்தமான் போகிறேன். எனக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. 1858-இல் பிரிட்டிஷார் கைதிக் குடியிருப்பு அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள், தட்டம்மை போன்ற நோய்களால் குறைந்து குறைந்து 1961 கணக்கெடுப்பில் 19 பேர் ஆனார்கள். 1999-இல் ஜராவா மக்களிடையே தட்டம்மை பரவியது. 2020-இல் கிரேட் அந்தமானியர்களில் 10 பேருக்கு கொரோனா வந்தது.

பாராடாங் போகும் சாலை ஜராவா காப்பகத்தின் வழியாகத்தான் போகிறது. வண்டியை நிறுத்துவது, பிஸ்கட் கொடுப்பது, போட்டோ எடுப்பது எல்லாம் சட்டப்படி குற்றம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு உங்கள் சளியும் போகும். இருமலோ காய்ச்சலோ இருந்தால் அந்தச் சாலைப் பயணத்தை விட்டுவிடுங்கள், பார்க்க வேறு தீவுகள் நிறைய உண்டு. வடக்கு சென்டினல் தீவுப் பக்கம் படகு வேண்டவே வேண்டாம்.

வேலைக்காக ஒரு தொலைதூர ஊருக்குப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

நர்ஸ், ஆசிரியர், எலெக்ட்ரீஷியன், ஆராய்ச்சி மாணவர், யாராக இருந்தாலும் ஃப்ளூ ஊசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முந்தின வாரம் கல்யாணம், கூட்டம் என்று அலையாதீர்கள். தொண்டை கரகரத்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். சம்பளம் போகுமே என்று பயந்து நோயோடு விமானம் ஏறுகிற நிலை வரக் கூடாது. அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இறுதி முடிவு யார் கையில் இருக்க வேண்டும்?

ஊர் கையில். விமானத்தை நிறுத்துவதா, திருவிழாவைத் தள்ளுவதா, சாவு வீட்டில் எத்தனை பேர் கூடலாம் என்பதை மருத்துவர் ஆலோசனையோடு ஊர்க் கவுன்சில் தீர்மானிக்கட்டும். சாவு வீட்டு விஷயத்தில் வெளியார் உத்தரவு போட்டால் நிச்சயம் மீறுவார்கள். எந்த ஊரானாலும் அப்படித்தான்.

மேலே சொன்ன பிரெவிக் மிஷனுக்கு 1951-இல் யோஹான் ஹுல்டின் என்ற இளம் ஆராய்ச்சியாளர் வைரஸைத் தேடிப் போனார். கல்லறையைத் தோண்டுவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டார். அப்போது உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. 1997-இல், எழுபது வயதைத் தாண்டியபின், மறுபடி போனார், மறுபடி அனுமதி கேட்டார், ஊர் சம்மதித்தது. அங்கே கிடைத்த நுரையீரல் திசுவின் உதவியோடுதான் ஜெஃப்ரி டாபென்பெர்கர் குழு 1918 வைரஸின் முழு மரபுத் தொடரையும் 2005-க்குள் படித்து முடித்தது.

தனிப்பட்ட முறையில் உதவி அனுப்பலாமா?

அனுப்பலாம், கேட்டுவிட்டு. ஊர்க் கவுன்சிலையோ நர்சிங் ஸ்டேஷனையோ தொடர்புகொண்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பழைய துணிமூட்டை விமானத்தில் இடத்தை அடைக்கும், அந்த இடத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்திருக்கலாம். பெரும்பாலும் அவர்கள் கேட்பது டயப்பர், குழந்தைப் பால்மாவு, மூடியுள்ள தண்ணீர் கேன், சரக்குக் கட்டணத்துக்குப் பணம். பனிச்சாலை திறந்திருக்கும் வாரங்களில் அனுப்பினால் கட்டணம் வெகு குறைவு, எனவே டிசம்பரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.